காலையில் ஏழை, மத்தியானம் பணக்காரர்

வடக்குப்பட்டு பொன்னுரங்கம் தன்னைப் பற்றி ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரே அபிப்பிராயம் வைத்திருந்தார். தான் ஏழை என்பதே அது. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்க்கிற வேலை, மாதம் இருநூற்று நாற்பது ரூபாய் சம்பளம், ஏரிக்குக் கீழே ஒண்ணேகால் ஏக்கர், ஓடு போட்ட ஒரு வீடு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்து அவராகவே அப்படி முடிவு கட்டியிருந்தார். அரசாங்கத்தைக் கேட்காமல் ஒரு மனிதன் தன்னைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது 1978ஆம் வருஷம் ஆடி மாதத்தில்தான் அவருக்குத் தெரிய வந்தது.

காரணம், மகள் ஏலவார்குழலி. அந்தப் பெண் மெட்ராஸில் தங்கி மண்ணைப் பற்றிப் படித்தாள். மண்ணைப் படிக்க மெட்ராஸ் எதற்கு, நம் கொல்லையிலேயே வேண்டிய அளவு கிடக்கிறதே என்று அம்மா இந்திராணி கேட்டாள். மகள் நாலைந்து தடவை விளக்கிச் சொன்னாள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டு வகுப்பில் முதலாவதாக வந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை மேல்படிப்புக்குக் கூப்பிட்டது. எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை. என்றைக்காவது எனக்கும் விசா தேவைப்படலாம்.

கூப்பிட்டவர்கள் இரண்டு காகிதம் கேட்டார்கள். பெண்ணின் தகப்பனார் ஏழை என்று எழுதியிருந்ததால் பீஸ் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டோம், ஆனால் அவர் ஏழைதான் என்று ஓர் அரசாங்க அதிகாரி கையெழுத்திட்ட அசல் சான்றிதழைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று பல்கலைக்கழகம் எழுதியது. பெண் அங்கே வந்து பட்டினி கிடக்கக்கூடாது, ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் ஜாகைக்கும் தகப்பனாருக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் சொத்து இருப்பதாக அதே மாதிரி ஓர் அதிகாரி எழுதித் தர வேண்டும் என்று மெட்ராஸில் இருந்த அந்த நாட்டு விசா ஆபீஸ் எழுதியது. ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை நேர்காணல். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பொன்னுரங்கம் இரண்டு கடிதங்களையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டை மாட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார்.

தாலுகா ஆபீசில் ஏழைகளுக்கு ஏ பிரிவு, சொத்துக்காரர்களுக்கு டி பிரிவு. இரண்டு பிரிவுக்கும் ஒரே ஹெட் கிளார்க், ஒரே மேஜை. மேஜைக்கு இடது பக்கம் நின்றால் ஏ, வலது பக்கம் நின்றால் டி. ஹெட் கிளார்க் வரதராஜுலு ஏழை மனுவை இடது பக்கம் வாங்கிக்கொண்டு, “அடுத்தது” என்றார். பொன்னுரங்கம் அங்கிருந்தபடியே இரண்டாவது மனுவை நீட்டினார். வரதராஜுலு அதைத் தொடவே இல்லை. பொன்னுரங்கம் மேஜையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்ற பிறகுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்.

“சார், ஒரு சந்தேகம். ஏழைன்றீங்க, சொத்துக்காரன்றீங்க. நான் இதுல எது சார்?”

இருபத்தாறு வருஷ சர்வீசில் யாரும் கேட்காத கேள்வி. வரதராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யோவ், நீ எதுன்னு நீயே தெரிஞ்சிக்கினா அப்பால ஆபீஸ் எதுக்குய்யா? ஏழைன்றது ஒரு நெலம இல்ல, அது ஒரு பைல். பணக்காரன்றதும் பைல்தான். ரெண்டும் வேற வேற பீரோல கீது. இந்த நாள் வரைக்கும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கினதே கிடையாது. அதுங்களுக்கே கவலையில்ல, உனக்கு இன்னா வந்துது?”

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார் என்றும், அந்தப் பக்கம் மாதத்தில் ஒரே நாள்தான் வருவார் என்றும், அது வருகிற புதன்கிழமை என்றும் சொன்னார். காலை பத்து மணிக்கு ஏழை விசாரணை. மத்தியானம் மூன்று மணிக்குச் சொத்து விசாரணை.

ஊருக்குள் விஷயம் பரவியதும் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்து எஸ்.எஸ்.எல்.சி. தாண்ட வைத்தது ஏலவார்குழலிதான். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதித் தந்ததும் அவள்தான்.

“அண்ணே, வூட்ட ஏழை வூடு மாதிரி ஆக்கணும்” என்றாள் லூர்தம்மாள்.

“அது அப்படித்தாம்மா கீது” என்றார் பொன்னுரங்கம்.

“நமக்குத் தெரியுது. ஆபீசருக்குத் தெரிய வாணாமா?”

புதன்கிழமை விடிந்ததும் டிரான்சிஸ்டர், கண்ணாடி, இரண்டு பித்தளைக் குடம், இந்திராணியின் கல்யாணத்துக்கு வந்த மரப்பெட்டி எல்லாம் லூர்தம்மாள் வீட்டுக்குப் போயின. காலண்டரைக் கூடக் கழற்றினார்கள். காலி வீட்டைப் பார்த்து இந்திராணிக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்து மூன்று வருஷமாகச் சேர்த்தது இவ்வளவுதானா, அரை மணி நேரத்தில் தூக்கி முடித்துவிட்டார்களே என்று வருத்தம்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தணிகாசலம் சரியாகப் பத்து மணிக்கு சைக்கிளில் வந்து இறங்கினார். செருப்போடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

“யோவ், கூர இன்னா, ஓடா?”

“ஆமா சார்.”

“ஃபாரத்துல ஏழைக்கு ஓலைன்னுதான் போட்டுக்கீது.” அண்ணாந்து பார்த்தார். மூலையில் இரண்டு ஓடு உடைந்து வானம் தெரிந்தது. “ஒழுவுமா?”

“மழ வந்தா ஒழுவும் சார்.”

“அப்ப ஓலைன்னே எழுதிக்கலாம். ஒழுவுற விஷயத்துல கவர்மென்ட் வித்தியாசம் பாக்கறதில்ல.”

இந்திராணி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தணிகாசலம் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா இது, இவ்ளோ கெட்டியா கீது? ஏழை வூட்ல மோரு இப்படி இருந்தா நான் இன்னான்னு எழுதறது? மேல எவனாச்சும் கேட்டா என் வேலையில்ல போவும்?”

இந்திராணி சொம்பை உள்ளே எடுத்துப்போய் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவர் அதையும் குடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, ‘நேரில் விசாரித்ததில் மனுதாரர் மிகவும் ஏழை’ என்று எழுதினார்.

“சாப்டுட்டுப் போலாமே சார்” என்றார் பொன்னுரங்கம்.

“ஏழை வூட்ல அதிகாரி கைநனைக்கக் கூடாது, ரூல் கீது. மூணு மணிக்கு வரேன். அப்ப நீ பணக்காரன், சாப்டலாம். கோழின்னா நல்லது.”

அவர் தலை மறைந்ததும் ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தது. லூர்தம்மாள் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து மாட்டினாள். அவளுடைய தம்பி தாவீது பிள்ளைப்பாக்கத்தில் இருந்தான். கல் உடைக்கிற இடத்தில் டிரில்லர் வேலை. அவன் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். மேலத்தெரு நாகப்பன் இரண்டு ஜோடி உழவு மாடுகளை ஓட்டிவந்து கட்டினார். கண்ணாடி பதித்த ஒரு பீரோ வந்தது. ஆறு நாற்காலிகள் வந்தன. பொன்னுரங்கத்துக்கு ஒரு சில்க் ஜிப்பா வந்தது. அது யாருடையது என்று இன்று வரை தெரியவில்லை. கோழி அவருடைய சொந்தக் கோழி.

மூன்று மணிக்கு தணிகாசலம் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார்.

“மிஸ்டர் பொன்னுரங்கம் நீங்கதானே?”

பொன்னுரங்கம் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டார். “காலைல வந்தீங்களே சார்.”

“காலைல வந்தவன் ஏ பிரிவு தணிகாசலங்க. நான் டி பிரிவு. அவன் பாத்தத நான் பாக்கல, அவன் எழுதினத நான் படிக்கல. அவன் குடிச்ச மோரு கூட என் வயித்துக்கு வர்ல. அதான் பசிக்குது. நீங்க உக்காருங்க, நின்னுக்கினே கீறீங்களே.”

தன் வீட்டில் உட்காரச் சொல்லி ஓர் அதிகாரி கேட்டுக்கொண்டது பொன்னுரங்கத்துக்கு அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் ஆடியது.

தணிகாசலம் கூரையை அண்ணாந்து பார்த்து ‘மங்களூர் ஓடு, முதல் தரம்’ என்று எழுதினார். மாடுகளைத் தட்டிப் பார்த்தார். மோட்டார் சைக்கிளின் நம்பரைக் குறித்துக்கொண்டார். கடிகாரத்தின் பக்கம் வந்தபோதுதான் ஒரு தடங்கல். லூர்தம்மாள் அவசரத்தில் கடிகாரத்தோடு அதன் கீழே தொங்கிய திருஇருதய ஆண்டவர் படத்தையும் சேர்த்து மாட்டியிருந்தாள்.

“நீங்க ஹிண்டுன்னு மனுவுல போட்டுக்கீது. ஏசுநாதர் படம் எப்படிங்க?”

பொன்னுரங்கமும் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். சமையலறைக் கதவோரம் நின்ற லூர்தம்மாள் குரல் கொடுத்தாள்: “பணக்காரங்க எந்தச் சாமியையும் வுட மாட்டாங்க சார்.”

தணிகாசலத்துக்கு அது நியாயமாகப்பட்டது. அதையும் எழுதிக்கொண்டார்.

கோழி முடிந்து, கை கழுவி, கூட்டிப் பார்த்தபோது சொத்து பத்தொன்பதாயிரத்தில் நின்றது. இன்னும் பதினாறாயிரம் வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஏலவார்குழலி விரல்விட்டு மறுபடி கூட்டிப் பார்த்தாள். தணிகாசலம் வாசலுக்குப் போய், பொட்டலாகக் கிடந்த ஒரகடம் ரோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு எருமைகள் ரோட்டைக் கடந்து போயின.

“இந்த ரோட்ல பின்னாடி பேக்டரியா வரும்” என்றார். “இங்கேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வரும். காரு பண்ணுவான். அப்ப இந்த நெலம் இன்னா வெல போவும்?”

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நாகப்பன் மட்டும், “எப்ப சார் வரும்?” என்று கேட்டார்.

“என் சர்வீஸ்ல வராது. ஆனா சொத்து மதிப்புன்றது பெரிய மனசோட போட வேண்டியது.” ஒண்ணேகால் ஏக்கருக்கு வராத பேக்டரியின் விலையைப் போட்டு முப்பத்தாறாயிரம் ஆக்கினார். அன்றைக்கு அவர் எழுதியவற்றில் பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாமல் போனது இது ஒன்றுதான்.

போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். நேர்காணல் முடிகிற வரை எப்போது வேண்டுமானாலும் மறு ஆய்வு நடக்கும். பட்டியலில் உள்ள எந்தப் பொருளும் வீட்டை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் சான்றிதழ் ரத்து.

ஆக, பொன்னுரங்கம் பன்னிரண்டு நாள் பணக்காரராக இருந்தார். அது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. நாலு மாடும் தின்றுகொண்டே இருந்தன. நாகப்பன் வைக்கோல் தரத் தயாராகத்தான் இருந்தார்; ஆனால் பணக்காரன் வீட்டுக்கு வெளியிலிருந்து வைக்கோல் வருவதை யாராவது பார்த்தால் என்ன ஆவது? மில்லில் சம்பளத்தில் முன்பணம் வாங்கி வைக்கோல் வாங்கினார். தாவீது பிள்ளைப்பாக்கத்திலிருந்து தினமும் நடந்து வேலைக்குப் போனான். லூர்தம்மாள் மணி பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்தாள். வந்தவள் சாமி படத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

பதினெட்டாம் தேதி தாசில்தார் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ஏலவார்குழலியும் கூடப் போயிருந்தாள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

“சார், ஒண்ணுல ஓலைன்னு இருக்கு, இன்னொண்ணுல ஓடுன்னு இருக்கு. ரெண்டும் முரண்படுதே.”

தாசில்தார் நல்ல மனிதர். அவளைக் கனிவோடு பார்த்தார். “ஏம்மா, கீழ பாரு. ரெண்டுலயும் யாரு கையெழுத்து?”

“உங்களுதுதான் சார்.”

“சீல்?”

“ஒரே சீல்தான்.”

“அப்புறம் முரண்பாடு எங்கம்மா இருக்கு? கீழேர்ந்து மேல படிச்சா எல்லாம் ஒத்துப் போவும். நீங்கள்லாம் மேலேர்ந்து படிக்கிறீங்க.”

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏலவார்குழலி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாம்பரம் தாண்டியதும் சொன்னாள்: “நைனா, கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாத. நானும் ஒண்ணியும் சொல்லலியே. அவங்களே கேட்டாங்க, அவங்களே எழுதிக்கினாங்க.” கொஞ்ச தூரம் போனதும், “போவாட்டியும் பரவால்லம்மா. இங்கயே ஒரு வேல பாத்துக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் போகாவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

விசா ஆபீசில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அருள்நாதன். கிராமத்து ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. ஏலவார்குழலி இங்கிலீஷில் பதில் சொன்னாள். அருள்நாதன் அதே பதிலை இன்னும் கொஞ்சம் சத்தமான இங்கிலீஷில் அதிகாரிக்குச் சொன்னார். யாருக்கும் சிரமமில்லை.

அதிகாரி இரண்டு சான்றிதழையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாலுகா ஆபீஸ் பீரோக்களில் ஒன்றையொன்று பார்த்தே இராத பைல்கள் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டன.

“ஒரே நாள் விசாரணை. ஒரே அதிகாரி” என்றார். “காலையில் உன் அப்பாவுக்கு வருஷ வருமானம் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. மத்தியானம் இரண்டு ஜோடி மாடு, மோட்டார் சைக்கிள், சுவர்க் கடிகாரம். எது நிஜம்?”

ஏலவார்குழலி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சம்பளம் நிஜம்” என்றாள். “மாடு நாகப்பன் மாமாவுடையது. மோட்டார் சைக்கிள் தாவீது அண்ணனுடையது. அவர் இப்போது நடந்து போகிறார். கடிகாரம் லூர்தம்மாள் அத்தை வீட்டுக் கடிகாரம். நான் உங்கள் ஊரில் பசியோடு இருக்கக்கூடாது என்று எல்லாரும் தூக்கி வந்து எங்கள் வீட்டில் வைத்தார்கள். எனக்குப் பின்னால் இருக்கிற சொத்து இவ்வளவுதான்.”

அருள்நாதன் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. மெதுவாகக் கூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “நீ உண்மை பேசுகிறாய். அதற்கு இந்தப் படிவத்தில் இடமில்லை” என்றார். “இரண்டு சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் தலைநகரத்தில் வேறொரு பிரிவு. அவர்கள் பார்த்து முடிக்க மூன்று வருஷம் ஆகும். நீ இரண்டு வருஷத்தில் படித்து முடித்துவிடுவாய். மேலும், உன்னை மறுக்க வேண்டுமென்றால் நான் காரணம் காட்டி ஒன்பது பக்கம் எழுத வேண்டும். அனுமதிக்க ஒரு முத்திரை போதும். வெளியே இன்னும் நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.”

முத்திரையைக் குத்தினார்.

அதிகாரி சொன்னதை வெளியே வந்து மகள் விளக்கினாள். அந்த நாடும் நம் தாலுகா ஆபீஸ் மாதிரிதான் என்று தெரிந்ததில் பொன்னுரங்கத்துக்குப் பெரிய நிம்மதி. மகள் போகிற இடம் அப்படியொன்றும் அந்நியமில்லை. மீனம்பாக்கத்தில் ஏலவார்குழலி ஏறின விமானம் புள்ளியாகிற வரை நின்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். நேர்காணல் முடிந்த அன்றைக்கே அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாடுகள் போனதும் வீடு பழையபடி ஆயிற்று. தான் மறுபடியும் ஏழையாகிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். மறுபடியும் யாரையும் கேட்காமல் நினைத்துக்கொண்டார்.

புரட்டாசியில் ரேஷன் கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெயரை அடித்திருக்கிறார்கள், அரிசி கிடையாது என்றார். பொன்னுரங்கம் தாலுகா ஆபீசுக்குப் போனார். வரதராஜுலு பைலைப் பிரித்துப் பார்த்தார்.

“முப்பத்தாறாயிரம் சொத்து. ரேஷன் பிரிவுக்கு ஒரு காப்பி போய்க்கீது, வழக்கமாப் போறதுதான். இவ்ளோ சொத்து வெச்சிக்கினு ரேஷன் அரிசிக்கு வந்து நிக்கறீங்களே, நல்லாவா கீது?”

“நான் ஏழைன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?”

“குடுத்தோம். அது எங்க?”

“மவ கிட்ட கீது. அங்க காலேஜில காட்டணும்னு எடுத்துக்கினு போச்சு.”

வரதராஜுலு பைலை மூடினார். “அப்ப உங்க ஏழ்மை வெளிநாட்டுல கீது. இங்க ஆபீஸ்ல கீறது உங்க சொத்து மட்டுந்தான். நான் இன்னா பண்ண முடியும்?”

“இன்னொண்ணு எழுதிக் குடுங்க சார்.”

“ஒரு ஆளுக்கு ஒரு ஏழ்மைதான். அசலு தொலஞ்சி போச்சுன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வாங்கிக்கினு வந்தா நகல் தரலாம்.”

“தொலையலியே சார்.”

“அப்ப மவளுக்கு ஒரு லெட்டர் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. வந்த மறுநாளே உங்கள ஏழையாக்கிடறேன். என் பொறுப்பு.”

பொன்னுரங்கம் யோசித்தார். “திருப்பி வாங்கினா அங்க பீஸ் கட்டச் சொல்லுவாங்களே சார்?”

“சொல்லத்தான் சொல்லுவான். ஒரே ஏழ்மைய ரெண்டு பேரு வெச்சிக்க முடியுமா? யாருக்கு வோணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

அந்த ஆபீசில் பொன்னுரங்கத்தை முடிவு பண்ணச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“அது அவ கிட்டயே இருக்கட்டும் சார். ரெண்டு வருஷந்தானே, நான் பணக்காரனாவே இருந்துட்டுப் போறேன்.”

ரேஷன் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைத்தெருவில் வெளி மார்க்கெட் விலைக்கு இரண்டு கிலோ அரிசி வாங்கினார். பஸ்ஸுக்குக் காசு மிஞ்சவில்லை. அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்குப்பட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.